தையலும் கத்தரிக்கோலும்

எத்தொழிலுக்கும் கருவி இன்றியமையாதது. ஒரு செயலைத் தொடங்குமுன் ஆராய வேண்டியவை ஐந்து என்று வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் எண்ணிக் காட்டும் திருவள்ளுவர், அவ்வைந்தனுள் கருவியையும் ஒன்றாக வைத்தார். உழவர்க்குக் கலப்பையும் தச்சர்க்கு உளியும் குயவர்க்குத் திகிரியும் எத்தகையனவோ, அத்தகையது தையற்காரர்க்குக் கத்தரிக்கோல். ஊசி, நூல், பொறி, அளவுநாடா, சுண்ணக்கட்டி எனத் தையலுக்குரிய கருவிகள் பல. அவற்றுள் ஊசி செய்யும் பிழையைத் திருத்திவிடலாம்; தைத்த தையலைப் பிரித்து மீண்டும் தைத்தால் குறை நீங்கும். அளவுநாடா பிழைபட்டாலும் மறுபடி அளந்துகொள்ளலாம். கத்தரிக்கோல் செய்யும் பிழையை மட்டும் மீட்க வழியில்லை. வெட்டுண்ட துணி மீண்டும் முழுத்துணி ஆகாது. ஆதலின் தையல் கற்போர் முதற்கண் கற்க வேண்டுவது, நல்ல கத்தரிக்கோலைத் தேர்ந்தெடுக்கும் முறையேயாகும்.

துணிக்கும் வெட்டுதலுக்கும் உள்ள உறவை நம் மொழியே உணர்த்துகின்றது. துணித்தல் என்றால் வெட்டுதல். அதிலிருந்து வந்தது துணி. அறுத்தல் என்னும் சொல்லிலிருந்து வந்தது அறுவை. அறுவை என்பது இன்று மருத்துவர் செய்யும் சிகிச்சையை நினைவூட்டும். சங்க காலத்திலோ அது ஆடையைக் குறித்தது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் புலவர் பெயரில் அப்பொருளைக் காணலாம். அவர் துணி வாணிகம் செய்தவர். தோளில் இடும் துண்டும் துண்டித்தலால் வந்த பெயரே. தறியில் நெய்யப்பெற்ற நீண்ட பரப்பு, அளவறிந்து அறுக்கப்பட்ட பின்னரே உடுக்கும் பொருளாகின்றது என்பதைத் தமிழ் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

கத்தரிக்கோலும் தமிழகத்துக்குப் புதியதன்று. கரிகாற் பெருவளத்தானை முடத்தாமக் கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், பாடினி ஒருத்தியின் காதுக்கு உவமை கூறப்படுகின்றது. மயிரைக் குறைக்கும் கருவியின் அழகிய கடைப்பகுதி போன்றது அவள் காது என்கின்றார் புலவர். அக்கருவியைக் கத்தரிகை என்று உரைகாரர் பொருள் கொள்வர். விரல் நுழையும் வளையத்தைக் கண்ட கண்ணுக்கன்றோ அவ்வுவமை தோன்றும்! அந்நூலிலேயே பொருநனுடைய கந்தலாடையும் பேசப்படுகின்றது. வேறு வேறு நூல்கள் நுழைந்து, பல இடங்களில் தைக்கப்பட்டிருந்த அக்கந்தலை நீக்கி, பாம்பின் சட்டை போன்ற மெல்லிய அறுவையை மன்னன் அவனுக்கு அளித்தான். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரைக் கூறுமிடத்தில், துணி தைப்போராகிய துன்னகாரரையும் குறிப்பிடுகின்றது. துன்னம் என்பது தையலுக்குரிய பழந்தமிழ்ப் பெயர்.

திண்டிவனத்துக்கும் இச்செய்தியில் ஒரு பங்குண்டு. புளியமரக் காடு என்னும் பொருள்படும் திந்திரிணிவனம் என்பதே திண்டிவனம் என மருவிற்று என்பர். அவ்வூரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கிடங்கில், பண்டை நாளில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனுக்கு உரிய ஊராய் இருந்தது. அவனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. தன்னை நாடி வந்த பாணர்க்கு அவன் முதலில் அளித்தது ஆடை. மூங்கிலின் உட்புறத் தோலை உரித்தாற்போன்ற நுண்ணிய ஆடை அது என நூல் கூறும். உணவுக்கு முன்னே உடை கொடுத்துப் பெருமைப்படுத்திய அம்மண்ணில் இன்றும் உடை தைக்கும் தொழில் பல குடும்பங்களை வாழ்விக்கின்றது.

விழுப்புரத்துக் கடைவீதியிலும் திண்டிவனத்துக் கடைவீதியிலும் நடந்து செல்வோர் தையற்பொறியின் ஒலியைக் கேளாமல் செல்ல இயலாது. தீபாவளியும் பொங்கலும் நெருங்குங்கால் அவ்வொலி நள்ளிரவிலும் ஓயாது. சிற்றூர்களில் திண்ணையில் ஒரு பொறியை வைத்துக்கொண்டு அண்டை வீட்டார்க்கு இரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுக்கும் பெண்கள் பலர். தமிழ்நாட்டு அரசு பள்ளி மாணவர்க்கு வழங்கும் விலையில்லாச் சீருடையில் பெரும்பகுதியை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினரே தைக்கின்றனர். காலையில் மாணவர் அணிந்துகொள்ளும் சட்டைக்குப் பின்னே ஒரு தாயின் கையும் அவர் பிடித்த கத்தரிக்கோலும் இருக்கின்றன.

அத்தகைய தாய் ஒருவர் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருமணத்துக்குரிய பட்டுச் சேலையுடன் வந்த இரவிக்கைத் துணியை ஒருவர் அவரிடம் கொடுத்துச் செல்கின்றார். துணி ஏறத்தாழ ஒரு மீட்டர். அதே நிறத்தில் வேறு துணி கிடைப்பது அரிது. தையற்காரியின் கத்தரிக்கோல் முனையில் மழுங்கியிருக்கின்றது. கைக்குழிக்கு வளைத்து வெட்டுங்கால், துணி அலகுகளுக்கிடையே மடங்கிச் சிக்கிக்கொள்கின்றது. அவர் சற்று இழுக்கின்றார். கோடு விலகிவிடுகின்றது. அவர் பெறும் கூலி சிறிது; கெட்ட துணியின் விலையோ பெரிது. கூலியும் போய், கைப்பொருளும் போய், நெடுநாள் சேர்த்த நற்பெயரும் போய்விடும். கைத்திறனில் குறைவில்லை, கருவியில்தான் குறை. ஆதலால் கத்தரிக்கோலைத் தேர்வது சிறு செயலன்று.

நல்லதைத் தேர வேண்டுமாயின், அது வேலை செய்யும் முறையை முதலில் அறிதல் வேண்டும். கத்தரிக்கோல் என்பது ஒரே திருகாணியில் பொருத்தப்பட்ட இரண்டு நெம்புகோல்கள். திருகாணி தாங்குபுள்ளி, கைப்பிடியில் நாம் விசையைச் செலுத்துகின்றோம், அலகுகளுக்கிடையே துணி தடையாய் நிற்கின்றது. தடை தாங்குபுள்ளிக்கு அண்மையில் இருந்தால் சிறு விசையே போதும். தொலைவில் இருந்தால் மிகுந்த விசை வேண்டும் என்பது நெம்புகோலின் விதி. ஆகவே தடித்த துணியையும் பல மடிப்புகளையும் அலகின் அடிப்பகுதியால் வெட்டுதல் வேண்டும். நுண்ணிய வெட்டுகளுக்கும் மூலைகளுக்கும் முனையைப் பயன்படுத்துதல் வேண்டும்.

கத்தி ஒற்றை அலகால் அறுக்கும். கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளோ ஒன்றையொன்று உரசிச் சென்று, இடையில் அகப்பட்ட இழைகளைத் துண்டிக்கும். இவ்வுரசல் அலகின் முழு நீளத்திலும் ஒரே வேளையில் நிகழ்வதில்லை. ஒவ்வோர் அலகும் சிறிதே வளைந்திருக்கும். அதன் உள்முகமும் சிறிதே குழிவாகத் தேய்க்கப்பட்டிருக்கும். அதனால் இரண்டு அலகுகளும் எப்போதும் ஒரு புள்ளியில் மட்டும் ஒன்றையொன்று தொடும். கையை மூட மூட, அப்புள்ளி திருகாணியிலிருந்து முனை நோக்கி நகர்ந்து செல்லும். மூடிய கத்தரிக்கோலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும். அறியாதார் அதனைக் குறை என்று கருதித் திருகாணியை இறுக்குவர். உண்மையில் அவ்விடைவெளியே நல்ல கத்தரிக்கோலின் அடையாளம். இரண்டு அலகுகளும் முழுவதும் ஒட்டிக்கொண்டால், அவை ஒன்றையொன்று தேய்த்து விரைவில் மழுங்கிவிடும். ஒரு கத்தரிக்கோலின் சிறப்பு அதன் கூர்மையில் மட்டுமன்று. இரண்டு அலகுகளும் அடி முதல் முனை வரை பிரியாமல் சந்தித்துச் செல்வதில் உள்ளது. இக்கருத்தை மனத்தில் இருத்தினால், பிற யாவும் எளிதில் விளங்கும்.

தையலுக்குரிய கத்தரிக்கோல் ஒருவகையன்று. துணி வெட்டுவதற்குரியது 8 அங்குலம் முதல் 12 அங்குலம் வரை நீளமுள்ளது. அதன் கைப்பிடி மேல்நோக்கி வளைந்திருக்கும். அவ்வளைவு அழகுக்காக அமைந்ததன்று. மேசைமேல் விரித்த துணியை வெட்டும்போது கீழ் அலகு மேசையோடு படிந்து செல்ல வேண்டும். துணி மேலே எழும்பினால், வரைந்த கோடு நகர்ந்துவிடும். கைப்பிடி நேராக இருந்தால், கைவிரல்கள் மேசையில் இடித்துத் துணியைத் தூக்கிவிடும். இவ்வகையின் வளையங்களுள் ஒன்று சிறியது. அது பெருவிரலுக்கு உரியது. மற்றது பெரியது, அதில் இரண்டு அல்லது மூன்று விரல்கள் நுழையும். கடையில் நாள் முழுதும் வெட்டும் தொழிலாளர் 10 அங்குலமும் 12 அங்குலமும் உள்ளவற்றை ஆள்வர்; நீண்ட அலகு ஒரே வீச்சில் நெடிய கோட்டை வெட்டும். புதிதாகக் கற்போர்க்கும் சிறிய கையினர்க்கும் 8 அல்லது 9 அங்குலமே ஏற்றது.

நூல் நறுக்குவதற்கு 4 அங்குல அளவில் கூரிய முனையுள்ள சிறு கத்தரிக்கோல் வேண்டும். பூத்தையல் செய்வோர்க்கும் அதுவே உதவும். வளையமின்றி, ஒரே எஃகுத் தகட்டை வளைத்ததுபோல் தானே விரியும் நூல்வெட்டி ஒன்றும் தையற்கடைகளில் பொறிக்கு அருகே கிடக்கும். கத்தரிக்கோலின் மிகப் பழைய வடிவம் அதுவே. திருகாணி பொருத்திய வடிவம் உரோமர் காலத்தில் வழக்குக்கு வருமுன், எகிப்து முதலிய நாடுகளில் அவ்வில்வடிவக் கருவியே ஆளப்பட்டது. பல் பல்லாக வெட்டும் கத்தரிக்கோல் மற்றொரு வகை. இதனைக் கடைகளில் ஜிக்ஜாக் கத்தரி என்பர். துணியின் ஓரத்தை அது சிறுசிறு முக்கோணங்களாக வெட்டுவதால், இழைகள் எளிதில் பிரிவதில்லை. அஃது ஓரம் வெட்டுதற்கே உரியது. சட்டையின் உறுப்புகளை அளந்து வெட்டுதற்கு உதவாது.

பல துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வைக்குக் கத்தரிக்கோல் இன்னும் திருத்தமாக அமைதல் வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் பழஞ்சேலைகளை மடித்து, அடுக்கி, ஓட்டுத்தையல் இட்டுக் குழந்தைக்கு விரிப்பு அமைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வங்க நாட்டில் இவ்வேலை காந்தா எனப் பெயர் பெற்றுச் சிறந்த கலையாக வளர்ந்தது. நம் கோயில் தேர்களைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளும், வண்ணத் துணிகளில் உருவங்களை வெட்டி ஒன்றன்மேல் ஒன்று பொருத்தித் தைக்கப்பட்டவையே. இத்தகைய வேலையில் சிறு பிழையும் பெருகிக்கொண்டே போகும். ஒரு வரிசையில் 20 சதுரத் துண்டுகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொரு துண்டும் ஒரு மில்லிமீட்டர் மிகையாக வெட்டப்பட்டால், வரிசையின் முடிவில் 20 மில்லிமீட்டர், அதாவது 2 செண்டிமீட்டர், மிகுந்துவிடும். அடுத்த வரிசை சரியாக வெட்டப்பட்டிருந்தால், இரண்டும் பொருந்தா. மூலைகள் ஒன்றுகூடா, போர்வை சுருங்கிக் கோணும். ஒரு துண்டில் கண்ணுக்குத் தெரியாத குறை முழுப்போர்வையில் யாவரும் காணும் குறையாகின்றது.

ஆதலின் துண்டுப்போர்வை தைப்போர் இரண்டு கத்தரிக்கோல்களை வைத்துக்கொள்வது நலம். துண்டுகளை வெட்டுதற்கு முனை வரை கூர்மையுள்ள 8 அங்குலக் கத்தரிக்கோல் ஒன்று. மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்றும் சேர்ந்த அடுக்கின் ஓரத்தைச் சீர்செய்தற்கு வலிய அலகுள்ள பெரிய கத்தரிக்கோல் மற்றொன்று. ஒன்றின் வேலையை மற்றதற்குக் கொடுத்தால் இரண்டும் கெடும். 1979ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு ஓல்ஃபா நிறுவனம் துணி வெட்டும் உருளைக் கத்தியை வெளியிட்டது. சக்கரம் போன்ற அக்கத்தியை அளவுகோலின் ஓரமாக உருட்டினால், நேர்கோடு எளிதில் அமையும். ஆயினும் அதற்கென வெட்டுப்பலகை வேண்டும். வளைவுகளுக்கும் உருவங்களுக்கும் இன்றும் கத்தரிக்கோலையே நாட வேண்டியிருக்கின்றது.

இனி, அலகு எவ்வுலோகத்தால் ஆனது என்பதை நோக்குதல் வேண்டும். கரி மிகுந்த எஃகு கடுங்கூர்மை ஏற்கும். பல முறை சாணை பிடித்தாலும் பயன் தரும். ஆனால் எளிதில் துருப்பிடிக்கும். எவர்சில்வர் என மக்கள் வழங்கும் துருப்பிடியா எஃகில் குரோமியம் 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் கலந்திருக்கும். அது ஈரத்தைத் தாங்கும். ஆனால் தரத்தில் வேறுபாடு மிகுதி. மலிவான மெல்லிய தகட்டில் செய்த அலகு வளைந்துகொடுக்கும். இரண்டு அலகுகளும் துணியின் தடையால் பிரிந்து, துணியை வெட்டாமல் மெல்லும். எனவே எவ்வெஃகாயினும் தடிப்பும் உறுதியும் உடைய அலகையே கொள்ளுதல் வேண்டும்.

இந்தியத் தையற்கடைகளில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை உத்தரப் பிரதேசத்து மீரட் நகரக் கத்தரிக்கோல்கள். பழைய வண்டிகளின் வில்தகடு முதலிய கழிவு எஃகைக் காய்ச்சி அடித்து, அலகாக்கி, பித்தளை முதலியவற்றால் வார்த்த பிடியைப் பொருத்திக் கைத்தொழிலாளர் அவற்றைச் செய்கின்றனர். ஒரு கத்தரிக்கோல் பலருடைய கைகளைக் கடந்தே நிறைவு பெறும். 2013ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாட்டன் வாங்கியதைப் பேரன் ஆள்வான் என்று அவ்வூரார் பெருமையுடன் கூறுவர். தேய்ந்த போதெல்லாம் சாணை பிடித்து மீண்டும் மீண்டும் ஆளலாம் என்பதே அதன் பொருள். வெளிநாடுகளில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரம் 18ஆம் நூற்றாண்டு முதற்கொண்டு கத்தரிக்கோலுக்குப் பெயர் பெற்றது. பின்லாந்து நாட்டு பிஸ்கார்ஸ் நிறுவனம் 1967ஆம் ஆண்டில் பிளாஸ்டிக் பிடியுள்ள இலேசான கத்தரிக்கோலை வெளியிட்ட பின்னர், கைக்கு நோவு தராத அவ்வகையும் உலகெங்கும் பரவியது.

நல்லெஃகு என்னும் பெருமை தென்னார்க்காட்டு மண்ணுக்கும் உரியது. மூடிய மண்குகையில் இரும்பையும் கரியையும் இட்டு உருக்கிப் பெற்ற எஃகைத் தமிழர் உருக்கு என்றனர். ஐரோப்பியர் அதனை வூட்ஸ் என்று வழங்கினர். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் அவ்வெஃகு செய்த குகைகளின் சிதைவுகளை ஆய்வாளர் கண்டு, 1994ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். அம்மாவட்டத்துக் கடற்கரை ஊராயிருந்த பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டில் இரும்புத் தொழிற்சாலை நிறுவியவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர். அவரே 1839இல் எஃகு செய்யும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு நகரத்து எஃகுத் தொழிலுக்கு அம்முறை பெரிதும் பயன்பட்டது.

கடைக்குச் சென்று கத்தரிக்கோல் வாங்குவோர் செய்ய வேண்டிய தேர்வுகள் சில உள. முதலாவது, கையில் பிடித்து விரித்து மூடிப் பார்த்தல். அசைவு அடி முதல் முனை வரை ஒரே சீராக இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் தடைபட்டு ஓரிடத்தில் நழுவினால், அலகு கோணலாகத் தேய்க்கப்பட்டிருக்கின்றது என்று அறியலாம். ஒலியும் ஒரே சீராகக் கேட்டல் வேண்டும். இரண்டாவது, ஒரு பிடியைப் பிடித்து, மற்றதை நன்றாக விரித்து விட்டுவிடுதல். அது மெல்ல இறங்கி, முழுதும் மூடாமல் இடையிலே நிற்குமாயின் திருகாணி அளவாக உள்ளது. தடாலென மூடினால் தளர்ந்துள்ளது. இருந்த இடத்திலேயே நின்றால் இறுகியுள்ளது. மூன்றாவது, இரண்டு அலகுகளையும் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தல். அவை ஆடுதல் கூடாது.

நான்காவது, வாயை வெளிச்சத்தில் நோக்குதல். கூரிய வாய் ஒளியைத் திருப்பி வீசாது. வெள்ளைக் கோடு போல் எங்கேனும் மின்னினால், அவ்விடம் மழுங்கியது அல்லது சிதைந்தது எனக் கொள்ளலாம். விரலால் தடவிப் பார்த்தல் வேண்டா. ஐந்தாவது தேர்வே தலையாயது. அது துணியை வெட்டிப் பார்த்தல். காகிதத்தை வெட்டிக் காட்டும் கத்தரிக்கோலை நம்புதல் கூடாது. காகிதம் விறைப்பானது, ஆதலின் மழுங்கிய அலகும் அதனை வெட்டும். மெல்லிய மல் துணியை ஒற்றையாகப் பிடித்து, அலகின் முழு நீளத்தாலும் ஒரு முறை வெட்டுதல் வேண்டும். பின்னர் முனையால் மட்டும் சிறிதே வெட்டுதல் வேண்டும். முனையில் துணி மடங்காமலும் இழைகள் இழுபடாமலும் வெட்டு முடியுமாயின், அக்கத்தரிக்கோலை ஐயமின்றிக் கொள்ளலாம். அதே துணியை நான்காக மடித்து மீண்டும் வெட்டிப் பார்த்தால், நான்கு மடிப்பும் ஒரே அளவாக அமைகின்றனவா என்பதும் விளங்கும். மேல்மடிப்பும் கீழ்மடிப்பும் வேறுபட்டால் அலகுகள் பிரிகின்றன என்பது பொருள்.

பிணைப்பைக் கவனித்தலும் வேண்டும். ஆணி அடித்து நிலையாகப் பிணைத்தவை சில. திருகாணியால் பிணைத்தவை சில. திருகாணி உள்ளதைத் தேர்வதே அறிவுடைமை. தளர்ந்தபோது இறுக்கலாம், சாணை பிடிக்கும்போது கழற்றலாம். வழுக்கும் செயற்கை இழைத் துணிகளை மிகுதியாகத் தைப்போர், ஓர் அலகில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்பற்கள் உள்ளதைக் கொள்ளலாம். அப்பற்கள் துணியை நழுவவிடாமல் பிடிக்கும்.

இடக்கைப் பழக்கமுடையோர் இதில் தனிக்கவனம் செலுத்துதல் வேண்டும். வலக்கையால் வெட்டும்போது பெருவிரலும் பிற விரல்களும் செலுத்தும் விசை, அலகுகளை ஒன்றோடொன்று நெருக்கும். அதே கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால், அவ்விசை அலகுகளைப் பிரிக்கும். மேல் அலகு வரைந்த கோட்டையும் மறைத்துவிடும். வெட்டு கோணுதற்குக் காரணம் அம்மாணவரின் கையன்று. கைக்கு மாறான கருவியே. இடக்கையினர்க்கென அலகுகளை மாற்றி அமைத்த கத்தரிக்கோல்கள் கிடைக்கின்றன. இடக்கைப் பிள்ளையைக் கடிந்து வலக்கைக்கு மாற்ற முயல்வதைவிட, அவர்க்குரிய கருவியை வாங்கிக் கொடுத்தல் நன்று.

நல்லதைத் தேர்ந்தால் மட்டும் போதாது, பேணவும் வேண்டும். துணிக்குரிய கத்தரிக்கோலால் காகிதம் வெட்டுதல் கூடாது. காகிதத்தில் வழவழப்புக்காகக் களிமண், சுண்ணாம்பு முதலிய கனிமத் துகள்கள் சேர்க்கப்படுகின்றன. அத்துகள்கள் அலகின் வாயைத் தேய்த்துவிடும். குண்டூசியின்மேல் வெட்டினால் வாயில் பள்ளம் விழும். கீழே விழுந்தால் அலகு திரியும். பின்னர் எவ்வளவு கூர்மை ஏற்றினாலும் அலகுகள் சந்தியா. வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, திருகாணியில் ஒரு துளி தையற்பொறி எண்ணெய் விட்டு, மீண்டும் துடைத்து வைத்தல் வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்தார்க்கு இக்காப்பு மிகவும் வேண்டற்பாலது. மரக்காணக் கடற்காற்று உப்பும் ஈரமும் கொண்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செண்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாளில் நனைந்த எஃகைத் துடைக்காமல் விட்டால், சின்னாளில் துரு வாயை அரித்துவிடும். எண்ணெய்த் துணியில் சுற்றி உயரத்தில் வைத்த கத்தரிக்கோல் பிழைக்கும்.

மழுங்கிய கத்தரிக்கோலைச் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கும்போதும் விழிப்பு வேண்டும். வாயின் வெளிச்சரிவையே தேய்க்க வேண்டும். உட்புறத்தைத் தேய்த்தல் கூடாது. உட்புறத்துக் குழிவு நீங்கினால், அலகுகள் ஒரு புள்ளியில் சந்திக்கும் இயல்பு கெட்டுவிடும். நல்ல சாணைக்காரர் இதனை அறிவர். தேய்த்து முடித்ததும் துணியொன்றை முனையால் வெட்டிக் காட்டியே கூலி கேட்பர்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். விலை மிகுந்ததெல்லாம் நல்லதன்று, மலிந்ததெல்லாம் தீயதுமன்று. எனினும் ஆண்டுக்கு ஒன்றாகத் தூக்கியெறியும் கத்தரிக்கோல்களின் மொத்த விலை, பல்லாண்டு உழைக்கும் ஒன்றின் விலையை எளிதில் விஞ்சிவிடும். கருவியின் விலையோடு, அது கெடுக்கக்கூடிய துணியின் விலையையும் சேர்த்து எண்ணுதலே சிக்கனம்.

துணி என்னும் சொல்லுக்கும் துணிவு என்னும் சொல்லுக்கும் வேர் ஒன்றே. இரண்டும் அறுதியிடுதலைக் குறிப்பன. நன்கு ஆராய்ந்து தேர்ந்த கருவியை உடையவர் தயக்கமின்றித் துணியில் கத்தரியை வைப்பர். அவர் கை நடுங்காது, கோடு விலகாது, தந்தவர் மனமும் வருந்தாது. பிறர் தம்மை நம்பி ஒப்படைத்த பொருளைக் கெடாமல் காப்பதே தொழிலறம். அவ்வறம் தையற்காரரிடத்தில், இரண்டு அலகுகளும் பிரியாமல் சந்திக்கும் ஒரு நல்ல கத்தரிக்கோலிலிருந்து தொடங்குகின்றது.